வெள்ளிக்கிழமைச் சம்பல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த மாடிவீட்டில் சேவல் கூவி யாரும் எழும்பியதில்லை. விடிய ஐந்தரைக்குக் குசினியில் ‘ணங், ணங்’ என்று சத்தம் கேட்கும். அம்மா மாசி இடிக்கிறார் என்று அர்த்தம். முதல் நாலைந்து இடி கல்லில் கல் விழுந்த மாதிரிக் கனமாக இருக்கும். பிறகு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஈர மணலில் குத்துவது போல ‘சத், சத்’ என்று மாறும். அந்த மாற்றம் வரும்வரைதான் எனக்குப் படுக்கையில் நேரம். அதற்குப் பிறகும் படுத்திருந்தால் அம்மா உலக்கையும் கையுமாக அறை வாசலில் நிற்பார்.

மாசி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது சூரை மீன். அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் நாட்கணக்காகக் காயவைத்து, கடைசியில் விறகுத் துண்டு மாதிரி ஆக்கியிருப்பார்கள். கடித்துப் பார்த்தால் பல்லுத்தான் போகும். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த அறிமுகம் தேவைப்படாது. மற்றவர்கள் முதல்முறை கையில் வாங்கிப் பார்த்தால் மீன் என்று நம்பமாட்டார்கள். சிங்களத்தில் இதற்கு உம்பலகட என்று பெயர். இலங்கையில் சிங்களக் குசினிகளில் இது இல்லாத நாள் குறைவு.

எங்கள் அம்மா யாழ்ப்பாணம். அவருடைய வீட்டில் கருவாடுதான், மாசி எப்போதாவது வந்து போகிற விருந்தாளி. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த பிறகுதான் கீழ்வீட்டு அன்ரி மாசியைப் பழக்கிவிட்டாராம். சித்திரைப் புத்தாண்டுக்கு அன்ரி வீட்டிலிருந்து வாழையிலை மூடிய தட்டில் கிரிபத் வரும். நாங்கள் பாற்சோறு என்று சொல்வதுதான், ஆனால் இனிப்பில்லாமல் தட்டையாகத் தட்டி, சாய்சதுரமாக வெட்டியிருக்கும். அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு உருண்டை லுணுமிரிஸ், எங்கள் பேச்சில் கட்டச் சம்பல். முதல் வருடம் அந்த உருண்டையைத் தொட்டு நாக்கில் வைத்த அம்மா, தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதே செய்முறையையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காலை மாறிவிட்டது. பாண் என்றாலும் இடியப்பம் என்றாலும் ரொட்டி என்றாலும் பக்கத்தில் மாசி போட்ட சம்பல் ஒன்று இருக்கவேணும்.

மாசி வாங்குவது அப்பாவின் வேலை. மாதம் ஒருமுறை புறக்கோட்டைக்குப் போவார். நான்காம் குறுக்குத் தெருப் பக்கம் வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, கருவாட்டுச் சாக்கு, நடுவில் நாட்டாமைகள் என்கிற சுமைதூக்கிகள் தள்ளுகிற கைவண்டி. அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். கடைக்காரர் சாக்கின் வாயைச் சுருட்டிவிடுவார். அப்பா எடுத்தவுடன் விலை கேட்கமாட்டார். இரண்டு துண்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டுவார். கட்டையும் கட்டையும் தட்டின மாதிரி ‘டக்’ என்று கேட்டால் சரி. ‘தொப்’ என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்புறம் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்வார். உடைந்த முகம் நாவற்பழ நிறத்தில் மினுங்கவேணும். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உடைப்பார், ஏனென்றால் மாசி அப்போதும் விலை கூடிய சாமான். வீட்டுக்கு வந்ததும் அது ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போய்விடும். போத்தல் மேல்தட்டுக்கு.

அந்த மேல்தட்டுக்கு எட்ட எனக்கு எட்டு வயது வரை எடுத்தது. அதுவரை இடிக்கும்போது உரலுக்கு வெளியே தெறிக்கும் சில்லுகள்தான் என் பங்கு. நிலத்தில் தேடி எடுத்துச் சட்டையில் துடைத்துக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வேன். முதலில் வெறும் உப்பு. ஐந்து நிமிடம் ஊறிய பிறகுதான் புகை வரும், அதற்கும் பிறகு ஒரு இனிப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், முதல் பாடம் முடிவதற்குள் மூன்று வாங்கு தள்ளியிருந்தவள் வரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பு ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிப் பையைத் தட்டிக் காட்டச் சொன்னார். என் முறை வருவதற்குள் மூன்று சில்லையும் விழுங்கிவிட்டேன். தொண்டை இரண்டு நாள் நொந்தது.

சம்பலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேணும். செத்தல் மிளகாயும் உப்பும்தான் முதலில் உரலுக்குள் போகும். மிளகாய் பொடியாகிவிடக் கூடாது, விதை தெரியவேணும். பிறகு ஏற்கனவே இடித்து வைத்த மாசி. அதற்குப் பிறகு சின்ன வெங்காயம். வெங்காயம் நசுங்கிச் சாறு விட்ட அந்த நிமிடத்தில்தான் மாசி கண் விழிக்கும். அதுவரை மரத்தூளாகக் கிடந்தது வெங்காயத் தண்ணீரைக் குடித்து ஊதி, குசினி முழுக்க ஒரு புகை வாசம் எழும்பும். அடுப்பே பற்றவைக்காத நேரத்தில் புகை வாசம்! கட்டச் சம்பல் என்றால் இதோடு தேசிப்புளி விட்டு முடிந்தது. தேங்காய்ச் சம்பல் என்றால் துருவின பூவைப் போட்டு நாலு குத்து, அவ்வளவுதான். கூட இடித்தால் தேங்காய் பால் விட்டுச் சம்பல் களியாகிவிடும். அம்மா கடைசியில் உரலுக்குள் கையை விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் ஒட்டினதை எனக்கு நக்கத் தருவார். றோஸ்ட் பாணின் கரை, அதன்மேல் இந்தச் சம்பல், பக்கத்தில் சீனி கூடின பிளேன் டீ. பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்கிறபோது கடைசி வாய் உள்ளே போகும்.

வெள்ளிக்கிழமை மட்டும் இது எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை, ஆகவே மாசியும் இல்லை. அன்றைக்கு ஐந்தரைக்குச் சத்தம் வராது. உரல் முதல்நாள் இரவே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். வெள்ளிச் சம்பலை அம்மா அம்மியில் அரைப்பார். அதே மிளகாய், அதே வெங்காயம், அதே தேங்காய். தேசிப்புளி ஒரு சொட்டுக் கூட. ஆனால் வாயில் வைத்தால் யாரோ வீட்டில் இல்லாத மாதிரி இருக்கும். மற்ற ஆறு நாளும் நான் மாசியைப் பற்றி நினைத்ததே கிடையாது, சம்பலில் அது எங்கே இருக்கிறதென்று கண்ணுக்கும் தெரியாது. அது இருக்கிறது என்பதே இந்த வெள்ளிக்கிழமைகளில்தான் எனக்குத் தெரியவந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் எனக்கு வெள்ளிக்கிழமைதான்.

இந்தக் கதையில் என் பெரியம்மாவைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் பரிபூரண சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் தனிச் சட்டி, தனி அகப்பை. ஆனால் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த பேக்கரியின் சீனிச் சம்பல் பணிஸ் என்றால் உயிர். வெங்காயத்தைச் சீனி போட்டு வதக்கி உள்ளே வைத்த இனிப்பும் உறைப்புமான பணிஸ். கொழும்புக்கு வந்தால் ஒரு நாளைக்கு இரண்டு. “எங்கட ஊரில ஏன் இந்த ருசி வாறேல்லை?” என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயைத் திறக்கமுன் என் தம்பி, அப்போது ஐந்து வயது, “அதுக்குள்ள மாசி இருக்கெல்லோ பெரியம்மா” என்றான். குசினி அப்படியே நின்றது. பெரியம்மா கையிலிருந்த பாதிப் பணிஸைப் பார்த்தார். பத்து வருடப் பணிஸும் கண் முன்னால் வந்து போயிருக்கவேணும். “பேக்கரிக்காரர் சொல்லேல்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாய் கொப்பளித்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் பணிஸ் தின்னவில்லை. ஆனால் அந்த ஒழுங்கையைக் கடக்கிறபோது நடை கொஞ்சம் மெதுவாகும் என்பதை நானும் தம்பியும் கவனித்து வைத்திருந்தோம்.

கீழ்வீட்டு அன்ரி 1970களின் கதை சொல்வார். வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் கட்டுப்பாடு, பாணுக்கு விடியற்காலையில் வரிசை. அந்தக் காலத்தில் மாசியும் கடைகளில் அருமையாகிப் போனதாம். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துப் போட்டு ஒப்பேற்றினார்களாம். “சம்பல் மாதிரித்தான் இருந்தது, ஆனா சம்பல் இல்லை” என்பார். இதே கதையின் மறுபக்கத்தைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாலைதீவுக்கு அன்றைக்கு மாசி வாங்குகிற பெரிய வாடிக்கை இலங்கைதான். இங்கே அந்நியச் செலாவணி இல்லாமல் வாங்குவதைக் குறைத்தபோது அந்தத் தீவுகளின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. 1972இல் அவர்கள் பச்சை மீனாகவே ஜப்பான் கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அன்ரி வீட்டில் சம்பல் சப்பென்று போனதற்கும் அங்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் அடுப்பு அணைந்ததற்கும் இடையில் ஒரு கயிறு இருந்திருக்கிறது.

அந்த அடுப்புகளைப் பார்த்தவன் தம்பி. படித்து முடித்து மாலைதீவில் ஒரு ஹோட்டலில் கணக்கு வேலைக்குப் போனான். கூட வேலை செய்கிற பையனின் ஊருக்கு விடுமுறையில் போய்விட்டு வந்து எனக்கு ஒன்றரை மணித்தியாலம் போனில் சொன்னான். சூரையை வலை போட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் எறிந்து, தண்ணீரைப் பீச்சியடித்து, கூட்டம் கொதித்து மேலே வந்ததும் தூண்டில் தடியால் ஒவ்வொன்றாக விசுக்கி எடுப்பார்கள். தூண்டில் கொக்கியில் எதிர்முள் கிடையாது, மீன் படகில் விழுந்ததும் தானே கழன்றுவிடும். கரைக்கு வந்ததும் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் நாலு துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் அவிப்பார்கள். பிறகு புகைக்குடில். பிறகு வெயில். அவித்த தண்ணீரையும் விடுவதில்லை, காய்ச்சிக் காய்ச்சிக் கறுப்புக் களியாக்கி ரிஹாகுரு என்று போத்தலில் வைத்துக்கொள்வார்கள்.

நாலு துண்டு என்ற இந்தக் கணக்கு புதிதில்லை. 1343இல் மாலைதீவுக்கு வந்து சேர்ந்து அங்கே காதியாகவும், அதாவது நீதிபதியாகவும், இருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, மீனை நாலாக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுவார்கள் என்றும், நன்றாகக் காய்ந்த பிறகு தின்பார்கள் என்றும், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் கப்பலில் போகிறது என்றும் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருந்தது அதேதான்.

தம்பிக்கு அங்கே காலைச் சாப்பாடு மஸ் ஹுனி. அவர்கள் மொழியில் மஸ் என்றால் மீன், ஹுனி என்றால் துருவின தேங்காய். முழுக்கக் காயாத, புகை மட்டும் ஏறின மெத்தென்ற சூரையை உதிர்த்து, தேங்காய்ப் பூ, வெங்காயம், மிளகாய், தேசிப்புளி போட்டுக் கையால் பிசைந்து, ரொஷி என்கிற மெல்லிய ரொட்டியோடு. “அக்கா, இது அம்மாவின்ர சம்பல்தான். என்ன, எங்கட சம்பலில மீன் ஒளிச்சிருக்கும், இதில மீன் முன்னால நிக்குது” என்றான். மஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மாவின் மச்சம்தான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு சின்ன ஒரு பிடி தூள் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது என்று எனக்கும் ஒரு காலம் யோசனை. ஜப்பான்காரர்களிடம் கட்சுவோபுஷி என்று ஒன்று இருக்கிறது. அதே சூரை, அதே அவியல், அதே புகை. சிலவற்றுக்குப் பூஞ்சணமும் ஏற்றி, சீவுளியால் மரம் இழைப்பது போல இழைத்துச் சூப்புக்குப் போடுவார்கள். 1913இல் ஷிந்தாரோ கொடாமா என்ற ஆய்வாளர் அதன் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்ற உப்பு என்று கண்டுபிடித்தார். அது தானாக அதிகம் ருசிக்காது, பக்கத்தில் இருப்பதைத் தூக்கிக் காட்டும். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “அதுக்குத்தானே போடுறது” என்றார்.

நான் இப்போது இங்கிலாந்தில். வந்து மூன்றாம் வருடம், வடக்கே விட்பி என்ற கடலோர ஊருக்கு இரண்டு நாள் போயிருந்தோம். தங்கின விடுதியில் காலையில் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். புகை. விறகுப் புகை, அதற்குள் மீன், அதற்குள் உப்பு. கால் தானாக ஐந்தரை மணிக் குசினியைத் தேடியது. ஜன்னலோர மேசையில் ஒரு கிழவர் கிப்பர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெரிங் மீனை முதுகுவழி பிளந்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓக் மரத்தூள் புகையில் இரவு முழுக்கத் தொங்கவிட்டது. நானும் அதையே கேட்டேன். பழுப்புப் பாண், வெண்ணெய், மேலே பொன் நிறத்தில் விரிந்து கிடந்த மீன். அடுத்த மேசைக் குடும்பம் தட்டையும் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், வாசத்தில் பாதிதான் வாயில் வந்தது. ஹெரிங் கொழுப்பு மீன், நாக்கில் வழுக்கும். அந்தப் புகை சூடில்லாத புகை, மீனை வேகவைக்காது, மேலே பூசிவிட்டுப் போய்விடும். சூரை கொழுப்புக் குறைந்த மீன், ஆகவே காயக் காயப் புகை உள்ளே இறங்கி உறைந்துவிடுகிறது. ஹெரிங்கில் முள்ளும் ஆயிரம். நான் தடுமாறுவதைப் பார்த்த கிழவர் எழும்பி வந்து, முதுகெலும்பை எங்கே பிடித்துத் தூக்கவேணும் என்று முள்ளுக்கரண்டியால் காட்டித் தந்தார். தன் தாய் அடுப்பே மூட்டாமல், நீளக் கூசாவில் மீனைத் தலைகீழாக நிறுத்திக் கொதிதண்ணீர் ஊற்றி மூடி வைப்பாராம். ஞாயிறு என்றால் அந்தக் கூசாவின் மூடி திறக்கிற வாசத்தில்தான் எழும்புவாராம். “இப்போது வீட்டில் சமைக்க விடமாட்டார்கள், திரைச்சீலையில் ஒட்டிக்கொள்கிறதாம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை இங்கே வந்து சாப்பிடுகிறேன்” என்றார். எனக்குக் கந்தசஷ்டி ஆறு நாள். அவருக்கு முந்நூற்று அறுபத்துச் சொச்சம்.

திரும்பி வந்ததும் தம்பிக்குப் போன் அடித்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மாலே சந்தையில் வாங்கின நாலு முழுத்துண்டு கொண்டுவந்து தந்தான். இங்கே தமிழ்க் கடைகளில் மாசித்தூள் பைக்கற்றில் இருக்கிறது, நானும் பல வருடம் அதைத்தான் பாவித்தேன். ஆனால் உடைத்த உடனே போகிற வாசம் அது, தூளாக ஆறு மாதம் பைக்குள் கிடந்தால் மீதி என்ன இருக்கும்?

முதல் துண்டை மிக்ஸியில் போட்டேன். பிளேட் உடைந்தது. இரண்டாம் முறை கடதாசியில் சுற்றி, பழைய துவாயில் பொதிந்து, குசினி நிலத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஞாயிறு காலை ஆறரை மணி. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார், திருத்த வேலை நடக்கிறதா என்று கேட்டார். மீன் உடைக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம், கொஞ்சம் திருத்த வேலை என்றேன்.

பிறகு லெஸ்டரில் ஒரு குஜராத்திக் கடையில் இரும்பு உரல் ஒன்று வாங்கினேன். அடியில் வைக்க இரண்டு தடித்த ரப்பர் பாய். போன ஞாயிறு செத்தல் மிளகாயை எடுத்து வைத்துவிட்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன், எவ்வளவு மாசி போடுவது என்று கேட்க. அங்கே மத்தியானம். அம்மாவுக்கு இப்போது கண்ணில் புரை, படம் மங்கலாகத்தான் தெரியும், போனைக் காதில் வைத்துக்கொள்வார். திரையில் அவருடைய தோடும் நரைமுடியும் மட்டும்.

“அளவெல்லாம் என்னத்துக்கு? இடி, நான் சொல்றன்.”

இடித்தேன். ‘ணங்.’

“அது இன்னும் துண்டு.”

‘ணங், ணங்.’

“கரையில ஒதுங்கிக் கிடக்குது பார், நடுவுக்கு எடுத்துவிடு.”

எட்டிப் பார்த்தேன். கரையில் ஒரு சில்லு ஒதுங்கித்தான் கிடந்தது. நடுவுக்குத் தள்ளி இடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் இறங்கியது. ‘சத், சத்.’

“ம். காணும், காணும். இனி வெங்காயத்தைப் போடு.”